மெஹராஜின் பதினொரு கேஸ் பேப்பர்

வியாழக்கிழமை காலையில் மெஹராஜ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவள் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அவள் பைக்குள் பதினொரு நோயாளிகள் இருப்பார்கள். அதாவது டாக்டர் மருந்து எழுதித் தரும் அவர்களுடைய கேஸ் பேப்பர்கள். தாராவியில் எண்பத்திரண்டாம் வருஷம் தொடங்கிய இந்த ஏற்பாடு இரண்டு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் நடந்தது. தாராவியில் ஒரு விஷயம் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் இருப்பதே பெரிய சாதனை. மாநகராட்சி ஆஸ்பத்திரிதான், பெயர் வேண்டாம். அங்கே நடந்த நல்ல காரியங்களில் பாதி விதிக்கு விரோதமானவை.

மெஹராஜுக்கு அப்போது நாற்பது வயது. ஊர் கடையநல்லூர். கணவர் உதுமான், பெண்களுக்கான தோல்பை தைக்கும் கார்கானா வைத்திருந்தார். கார்கானா என்றால் கீழே ஓர் அறை, நாலு மெஷின், ஆறு ஆட்கள். மேலே மரப்படியேறிப் போனால் குடும்பம். பைகளுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியைத் தைப்பது மெஹராஜின் வேலை. பம்பாய் முழுக்கப் பெண்கள் தோளில் அவள் தைத்த லைனிங் தொங்கியது. அவளிடம் இருந்ததோ, வார் கோணலாகிப் போனதால் வியாபாரி திருப்பியனுப்பிய பை ஒன்றுதான். அதற்கு அவளே உள்ளே இன்னொரு லைனிங் போட்டுக்கொண்டாள். கேஸ் பேப்பர்கள் இரண்டு லைனிங்குக்கும் நடுவில் பயணம் செய்தன.

அவளுக்கு இந்த வழி தெரிந்ததற்குக் காரணம், முதலில் அவளே அதில் நடந்து போனாள் என்பது. எண்பத்தொன்றாம் வருஷ மழைக்காலத்தில் மெஹராஜ் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்துவது, மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் நிற்காமல் போவதைப் போன்ற சமாசாரம். குழாயடியில் யார் குடம் முதலில் என்று தீர்ப்பு சொல்ல ஆளில்லாமல் சண்டைகள் முடிவுக்கு வராமல் நீண்டன. பார்க்கிறவர்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் லாத்தா என்று கேட்டார்கள். அவளும் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: “அல்ஹம்துலில்லாஹ், நல்லாயிருக்கேன்.”

நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலிலும் அவளுடைய ஆட்கள் இந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். கொடுத்தவனைக் குறை சொல்லக் கூடாது. கேட்டவரை நம் குறையால் சங்கடப்படுத்தவும் கூடாது. அழகான வழக்கம். நல்ல வழக்கங்களுக்கே உரிய ஆபத்து இதற்கும் உண்டு: யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

உதுமான் மட்டும் சந்தேகித்தார். தர்காவுக்கு அழைத்துப்போனார். தெருமுனை டாக்டர் ‘வீக்னெஸ்’ என்று சொல்லிச் சிவப்பு ஊசியும் மஞ்சள் ஊசியும் போட்டார். கையில் துட்டிருந்த வாரத்தில் குளுக்கோஸும் ஏற்றினார். கடைசியில் வயிற்றுக்குக் காட்ட என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்று டாக்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறோர் அறைக்குச் சீட்டு எழுதினார். அந்த அறை எதற்கானது என்பது வரிசையில் நிற்கும்போதுதான் உதுமானுக்குத் தெரிந்தது. பம்பாயில் யாரையாவது பைத்தியம் என்று திட்ட வேண்டுமானால் “ஒன்னத் தாணாவுக்கு அனுப்பணும்” என்பார்கள். அந்த ஊரில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருப்பதால். உதுமான் மனைவியின் கையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தார். நாலு மாதமாக எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லாதவள் அப்போது ஒன்று சொன்னாள்:

“இருக்கட்டும். இங்க உக்கார பெஞ்சு இருக்கு.”

அவளுக்கு மருத்துவ விஞ்ஞானத்தில் நம்பிக்கை வந்தது இப்படித்தான். திரும்பி நடக்கத் தெம்பில்லை. டாக்டர் பிரதான் என்ற மராட்டி அம்மாள் அவளுக்குச் சின்ன மாத்திரைகளை எழுதிக்கொடுத்தார். வாய் உலர்ந்தது, பகலில் தூங்கி வழிந்தாள், மூன்று வாரம் வேறொன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் ஒரு மத்தியானம், சால்னாவில் உப்பு போதவில்லை என்றாள். அதைக் கேட்டு உதுமான் கார்கானாவுக்கு இறங்கிப் போய், தோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று அழுதார். ஆட்களிடம் பசை நெடி என்று சொல்லிக்கொண்டார்.

வருஷம் ஒன்றானதும் டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். மெஹராஜ் ஆஸ்பத்திரியை நிறுத்தவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். தாராவி முகங்கள் ஒரு வாரம் வரும். இரண்டாவது வாரம் வராது. மாத்திரை இலவசம், ஆனால் ஒரு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள். அதை வாங்க ஒரு முழு நாள் கூலி போகும். மாத்திரையோ நாலு வாரம் கழித்துத்தான் வேலை செய்யும். ஆகவே இலவச மாத்திரையை வாங்க வசதி வேண்டும். வசதி உள்ளவர்களோ அங்கே வருவதில்லை.

இதற்கு அவள் கண்ட தீர்வு மருத்துவ நூல் எதிலும் இல்லை. ரேஷன் கடையில் இருந்தது. மண்ணெண்ணெய் வரும் நாளில் எட்டு வீட்டுப் பெண்களும் வேலையைக் கெடுத்துக்கொண்டு போய் நிற்க மாட்டார்கள். ஒருத்தி எட்டு கார்டுகளையும் எட்டு டின்களையும் எடுத்துப்போய் வாங்கி வருவாள். மண்ணெண்ணெய்க்கு ஆகும் என்றால் மாத்திரைக்கு ஏன் ஆகாது? ஒவ்வொருவராகக் கேஸ் பேப்பரை அவளிடம் கொடுத்தார்கள். பதினொரு பேர். ஒருவர் மற்றவரைப் பற்றி அறியார். கார்கானாவில் மெஷின் போடும் நஜிமுதீனுக்கு, எதிர்ச் சாயாக்கடை முகம்மது ஹனீபின் பேப்பரும் அதே பையில் போவது தெரியாது. ஹனீப், கடைக்கு வருகிறவர்களில் யார் யாரைத் தாணாவுக்கு அனுப்பலாம் என்று நாள் முழுக்கப் பட்டியல் போடுகிறவர்.

நோயாளி நேரில் வராமல் மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது விதி. மருந்துக் கவுண்டரில் இருந்த வெங்கடேஸ்வரன் விதிக்காகவே பிறந்தவர். தமிழ்ப் பிராமணர்கள் நிறைந்த மாட்டுங்காவின் வாசி. எட்டே முக்காலுக்குக் கவுண்டர் திறக்கும் என்றால் எட்டு நாற்பத்து நாலுக்குக் குண்டூசி கூடத் தரமாட்டார். அவர் மெஹராஜை மூன்று வாரம் திட்டினார். நாலாவது வாரம், யாரும் பார்க்காதபோது, பத்தாவதாக ஒரு கேஸ் பேப்பரை அவரே அவள் பைக்குள் வைத்தார். ராஜலக்ஷ்மி, வயது முப்பத்தொன்பது. அவருடைய மனைவி. அவளைத் தன் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. ஏழைக்கு ஒரு நாள் கூலி போகும் என்றால் மாட்டுங்காவில் மூன்று தலைமுறைப் பெயர் போகும். அதற்குப் பிறகு அவர் திட்டுவதை மராட்டியில் வைத்துக்கொண்டார். மெஹராஜுக்கு மராட்டி அவ்வளவாகப் புரியாது.

டாக்டர் பிரதானுக்கும் இது ஒரு வகையில் சௌகரியம்தான். ஒரு காலையில் நூற்றிருபது பேர், டாக்டர் ஒருவர். மெஹராஜ் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பதினொரு பேர் முடிந்துவிடுவார்கள். யாரும் அழமாட்டார்கள். டாக்டர் ஒவ்வொரு பெயராகப் படித்து எப்படி இருக்கிறார் என்று பம்பாய் இந்தியில் கேட்பார். மெஹராஜ், நன்றாக இருக்கிறார், அல்லாவுக்கு நன்றி என்பாள். டாக்டர் எழுதுவார். அந்த வருஷங்களில் அந்த ஆஸ்பத்திரியில் மிக வேகமாகக் குணமடைந்தவர்கள் தாராவிக்காரர்கள்தான்.

பதினோராவதாக, சிங்கராயரின் பேப்பர் எண்பத்துநாலின் மழைக்காலத்தில் வந்தது. மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர்; தூத்துக்குடிப் பக்கம். துணி மில்லில் இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டினார். எண்பத்திரண்டு ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடியவே இல்லை. ஆனால் மில் அவருக்கு முடிந்துபோயிற்று. மாட்டுங்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்த மனைவி ரோசம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. அவர் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் தெருவில் எவரோடும் எதற்கும் மல்லுக்கு நிற்கிற மனுஷர், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதல் நாலு வாரம் ரோசம்மா லீவு போட்டு அழைத்துப்போனாள். கொஞ்சம் தேறினார், சவரம் செய்துகொண்டார். லீவு தீர்ந்தது. பேப்பர் மெஹராஜின் பைக்கு வந்தது.

அதன்பின் ஒவ்வொரு புதன்கிழமை சாயங்காலமும் ரோசம்மா கணவரிடம் எப்படி இருக்கு என்று கேட்பாள். அவர், நீயே பாடுபடுகிறாய், உன்னிடம் என்ன சொல்ல என்று நினைத்து, தேவலை என்பார். மெஹராஜ் வந்து கேட்டால் ரோசம்மா, மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார் என்பாள். அலைகிறவளிடம் குறை சொல்வது முறையா? மெஹராஜ் அதை டாக்டரிடம் அல்லாவின் பேரால் சொல்வாள். மூன்று பேரின் மரியாதையும் இரண்டு மதத்தின் நன்றியும் சேர்ந்து, டிசம்பரில் டாக்டர் மாத்திரையை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தார். நன்றாக இருப்பவருக்கு எதற்கு மூன்று?

எண்பத்தைந்து பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை முற்பகல், சிங்கராயர் கார்கானா வாசலில் வந்து நின்று உதுமானிடம் ஒரு சுத்தியலைக் கொடுத்தார். நாலு வருஷத்துக்கு முன் கடன் வாங்கியது. அதைக் கேட்டுக் கேட்டு உதுமான் இரண்டு தடவை அவரோடு பேச்சை முறித்துக்கொண்டவர். துருவை எல்லாம் தேய்த்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தாராவியில் கொடுத்த சுத்தியல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. உதுமான் அதைக் கையில் ஏந்தி மாடிக்கே ஏறி வந்தார்.

“இஞ்ச பாத்தியா புள்ள, மனுசன் திருந்திட்டாரு. காலையில ஹனீப்பு கடையிலயும் கண்ணாடி கிளாஸ் ரெண்டக் கொண்டு குடுத்தாராம். எல்லாருக்கும் சலாம் வேற.”

மெஹராஜ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். எண்பத்தொன்றில், அந்த மோசமான மாதத்தில், அவளும் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரங்களை எல்லாம் தேடியெடுத்துச் சாம்பல் போட்டு விளக்கி ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எவ்வளவு பொறுப்பு என்று தெருவே மெச்சியது. அன்றைக்கு அவள் மனசில் இருந்தது பொறுப்பு இல்லை. யாருடைய பொருளும் தன்னிடம் தங்கிவிடக் கூடாது என்ற அவசரம். அதை அவள் உதுமானிடம் கூடச் சொன்னதில்லை.

மூன்று வீட்டையும் அவள் முக்காட்டைச் சரிசெய்யாமலே தாண்டினாள். ரோசம்மா வேலைக்குப் போயிருந்தாள். சிங்கராயர் துவைத்த சட்டை போட்டு, தலைவாரி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வீடு பெருக்கியிருந்தது.

“வா தங்கச்சி” என்றார். ரொம்ப மரியாதையாக.

“எங்க கெளம்பிட்டீங்க அண்ணாச்சி?”

“எங்கயுமில்ல. நீ இனிமே எனக்காவ அலையாண்டாம். அந்தப் பேப்பரக் கிழிச்சிரு. ஒனக்கு எம்புட்டுச் செரமம்.”

“கிழிக்கேன். மொதல்ல எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து கிழிக்கேன்.”

“இன்னைக்கு வியாழக்கெழம இல்லியே.”

“கெழமையெல்லாம் நானும் படிச்சிருக்கேன். செருப்பப் போடுங்க.”

அவர் எழுந்தார். நம்பிக்கை வந்து எழுந்தார் என்று சொல்ல முடியாது. மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே. அந்த நோயின் உள்விவரம் மெஹராஜுக்குத் தெரியும். பெஞ்சைத் தேடிய நாளில் அவளும் அப்படித்தான் இருந்தாள். உதுமான் டாக்ஸி பிடித்தார். வழி முழுக்கச் சிங்கராயரின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். காரணம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த அறை பூட்டியிருக்கும். டாக்டர் மூன்றாவது மாடி வார்டில் இருந்தார். பாஸ் இல்லாமல் வாட்ச்மேன் விடமாட்டான். மெஹராஜ் மருந்துக் கவுண்டருக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும், வெங்கடேஸ்வரன் கவுண்டரின் பலகையை இறக்கிவிட்டு எழுந்து வந்தார். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது அவர் கவுண்டரை மூடியது பத்தொன்பது வருஷ சர்வீஸில் அதுதான் முதல் தடவை. மூச்சிரைக்க முன்னால் படியேறினார்.

டாக்டர் பிரதான் அவர்களைப் பார்த்ததும் பழக்கத்தில் அதே கேள்வியைக் கேட்டார்: சிங்கராயர் எப்படி இருக்கிறார்? பதில் மெஹராஜின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாற்பது வருஷமாக அந்த இடத்தில் அது ஒன்றுதான் குடியிருக்கிறது. அவள் வாயை மூடி, திரும்பத் திறந்தாள். இந்தியில்தான் சொன்னாள்; தமிழில் இப்படி வரும்:

“நல்லாயில்ல டாக்டர். ரொம்ப நாளா நல்லாயில்ல. நல்லாயிருக்காருன்னு நான் சொன்னதெல்லாம் பொய். எல்லாரப் பத்தியும் அப்படித்தான் சொன்னேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்ல வரும்.”

டாக்டர் பேனாவை மூடினார். சிங்கராயரை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டார். அப்படிக் கேட்கலாம் என்பதே மற்ற மூவருக்கும் தெரியாது. வெங்கடேஸ்வரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிங்கராயர், மில்லில் மேஸ்திரிக்கு ஆமாம் சொல்வது போல, “ஹாங்” என்றார். எப்போது என்று டாக்டர் கேட்டார். இன்றைக்கு என்றார். மேற்கொண்டு அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

கட்டில் காலியில்லை, தரையில் மெத்தை போட்டார்கள். சாயங்காலம் பள்ளி விட்டு ஓடிவந்த ரோசம்மா முதலில் மெஹராஜின் மேல்தான் பாய்ந்தாள். நன்றாக இருக்கிறார் என்று டாக்டரிடம் போய்ச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது என்றாள். நீங்கள் சொன்னதைத்தானே மைனி சொன்னேன் என்றாள் மெஹராஜ். இருவரும் வார்டு வாசலில் உட்கார்ந்து, சத்தம் போட்டால் நர்ஸ் விரட்டுவாள் என்பதால் மெல்லிய குரலில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். பிறகு மெஹராஜ் கொண்டுவந்திருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்துத் தின்றார்கள்.

மூன்று வாரம் அவர் அங்கேயே இருந்தார். அதற்குள் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வாராவாரம் மெஹராஜ் மாத்திரை வாங்கிப் போகலாம். ஆனால் மாதத்தில் முதல் வியாழன் பதினொரு பேரும் நேரில் வரவேண்டும். வராதவருக்கு மாத்திரை இல்லை. மெஹராஜ் எவ்வளவோ வாதாடிப் பார்த்தாள். கூலி போவதை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதைப் பொறுக்கமாட்டார்கள் என்றாள். இரண்டு வருஷம் காத்த ரகசியம், எல்லாரும் ஓடிப்போவார்கள் என்றாள். தன் தவறுக்கும் சேர்த்து எரிச்சலில் இருந்த டாக்டர், ஓடினால் தெருவுக்கு வந்து பிடிப்பேன் என்றார்.

மார்ச் முதல் வியாழன். ஒரே சந்துக்காரர்கள் வேறு வேறு நேரத்தில் கிளம்பி, வேறு வேறு ஸ்டாப்பில் பஸ் ஏறி, ஒரே பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள். நஜிமுதீன் ஹனீபைப் பார்த்ததும் கண் காட்ட வந்ததாகச் சொன்னான். கண்ணுக்குக் கீழ்மாடி என்றார் ஹனீப். தான் பல்லுக்கு வந்தவர் என்றார். பல்லுக்கு வேறு கட்டடம். குடையோடு வந்த ராஜலக்ஷ்மி, யாரும் கேட்காமலே, ஆத்துக்காரருக்கு டிபன் கொண்டுவந்தேன் என்று சொல்லிப் பெஞ்சின் கடைசியில் அமர்ந்தாள். கையில் டிபன் டப்பா இல்லை. மெஹராஜ் சுவரில் இருந்த மராட்டி அறிவிப்பைத் தலையை உயர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மராட்டி எழுத்தே தெரியாது.

சிங்கராயர் டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள் ஆகியிருந்தது. இளைத்திருந்தார். அவர் பெஞ்சு முழுவதையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார்.

“நான் பல்லுக்கு வரல வே” என்றார் ஹனீபிடம். “மனசு செத்துப் போயி வந்தேன். மேல மாடியில மூணு வாரம் கெடந்தேன். இப்பம் கொஞ்சம் தேவல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டுது, அது இன்னும் போவல. ஒமக்கு எத்தன மாத்திர?”

ஹனீப் நஜிமுதீனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தப்பிக்க நல்ல வழியாக எதுவும் தென்படவில்லை.

“ரெண்டு” என்றார்.

“எனக்கு மூணு” என்றான் நஜிமுதீன், ஏதோ ஜெயித்தவன் போல.

ராஜலக்ஷ்மி, யாரையும் பார்க்காமல் குடையின் பிடியைப் பார்த்து, “நேக்கும் அந்த ரெண்டு மணி உண்டு” என்றாள்.

வார்டுபாய் கதவைத் திறந்து சிங்கராயர் என்று கூப்பிட்டான். மெஹராஜ் பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“நீ இரி தங்கச்சி” என்றார் அவர். “பேப்பரக் கொண்டா. நானே சொல்லிக்கிடுதேன்.”

அவள் லைனிங்குக்குள் கைவிட்டு அவருடைய பேப்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் உள்ளே போனார், கதவு சாத்தியது. உள்ளே அவர் என்ன சொன்னார் என்று வெளியே கேட்கவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. வரிசையின் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மெஹராஜ் அவர்கள் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுங்கள், அவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்றாள்.